சந்தைத் திடலில் ஒரு திரை, ஒரு பறை

எங்கள் ஊர் விழாவுக்கு முதல் வரவு பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்துதான் வரும். கடைக்கார அண்ணன் நோட்டீஸை முழுக்கப் படிக்கமாட்டார். கல்லாவிலிருந்து ரூபாயை எடுத்து நீட்டிக்கொண்டே, "இந்த வருசம் படத்துல பாட்டு உண்டுமா?" என்று மட்டும் கேட்பார். ரசீது எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கடைக்கு நகர்வோம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. உரக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, தையல்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பீடிக்கடைக்கு வெளியே கட்டோடு காத்திருக்கும் அக்காமார் என்று வசூல் ஊரைச் சுற்றி வரும்போதே விழா பாதி தொடங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். காசு கொடுத்தவர்கள் வந்து உட்காருவார்கள். வராவிட்டாலும், மறுநாள் "நேத்து என்ன படம் போட்டிய?" என்று உரிமையோடு கேட்பார்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். இதில் வரும் யாரும் தங்கள் பேச்சு இணையத்தில் ஏறும் என்று நினைத்துப் பேசியவர்கள் இல்லை. மாசி மாதத்தில் இரண்டு இரவுகள், சந்தைத் திடலில் விழா. ஓர் இரவுக்கு ஒரே படம், ஒரே இசைக்குழு. டிக்கெட் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது.

ஸ்பான்சர் வேண்டாம் என்பது வறட்டுப் பிடிவாதம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்வதுண்டு. ஒரு வருடம் பக்கத்து நகரத்து நகைக்கடை ஒன்று மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. திரைக்கு இரு பக்கமும் அவர்கள் பேனர் இருக்க வேண்டும், படத்துக்கு முன்னால் அவர்கள் விளம்பரம் ஓட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அப்போது எடுத்து வைத்திருந்தது பஞ்சாலையில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம். அந்தக் கடைக்காரர் குடும்பத்துக்கு ஒரு நூற்பாலையும் உண்டு. படத்தை மாற்றச் சொல்லி அவர்கள் கேட்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து, வேறு படம் பார்க்கலாமா என்று எங்களில் இரண்டு மூன்று பேர் தாமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பணம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். படத்தை மாற்றவில்லை. அந்த வருடம் நாற்காலி போட முடியாமல் தார்ப்பாய் விரித்தோம்.

இப்படி ஊர்ப்பணத்தில் கலை நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1975-இல் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இன்றைய தமுஎகச, ஊர் ஊராக நடத்திய கலை இரவுகளுக்கு நோட்டீஸும் உண்டியலும் துண்டேந்தலும்தான் மூலதனம். திருவண்ணாமலை போன்ற ஊர்களில் விடிய விடிய ஆயிரக்கணக்கானோர் தரையில் உட்கார்ந்து பாட்டும் தெருநாடகமும் கதையும் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படம், ஒரு முதலாளியை நம்பாமல் பலர் பங்கு போட்டு எடுத்தது. இயக்கியவர் வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ். இசை எம்.பி.சீனிவாசன்.

எம்.பி.எஸ் என்ற அந்த மனிதரைப் பற்றி ஒரு பத்தி கூடுதலாக எழுதத்தான் வேண்டும். சினிமாவுக்கு இசையமைத்தவர். சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று முன்னின்றவர். மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, சங்கீதம் படித்திராதவர்களையும் நிற்க வைத்துப் பல குரலில் பாடவைத்தவர். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தில் கழுதைக் குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்ததும் அவர்தான். திரையும் பாட்டும் ஒரே மேடையில் ஏன் என்று கேட்பவர்களிடம் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

அந்த ஜான் ஆபிரகாம் பிறகு கேரளத்துக்குத் திரும்பி, நண்பர்களோடு ஒடெஸா என்ற கூட்டியக்கத்தை 1984-இல் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பறையடித்து ஆள் கூட்டினார்கள். சாப்ளின் படத்தைத் திரையிட்டார்கள். பார்த்தவர்களிடம் இயன்றதைக் கேட்டு வாங்கினார்கள். இப்படிச் சேர்ந்த பணத்தில் உருவானது 1986-இல் வந்த 'அம்ம அறியான்'. அதைத் தியேட்டருக்கு விற்காமல் மறுபடியும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். மறு வருடமே ஜான் இறந்துவிட்டார். வடக்கே கோரக்பூரில் 2006 மார்ச்சில், பகத்சிங் தூக்கிலிடப்பட்ட நாளான 23-ஆம் தேதியையொட்டித் தொடங்கிய 'எதிர்ப்பின் சினிமா' விழாவும் கம்பெனிப் பணம் வேண்டாம் என்ற உறுதியில்தான் நின்றது. நமக்குப் பக்கத்திலேயே மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. 1998-இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. அங்கே பார்த்த படங்களைப் பற்றி ஊர் திரும்பும் பஸ்ஸில் நானும் நண்பர்களும் பேசிக்கொண்டே வந்ததில்தான் எங்கள் விழாவுக்கான பேச்சு முளைத்தது.

இனி இடத்துக்கு வருகிறேன். பணத்தைவிடச் சிக்கலானது இடம்தான்.

கல்யாண மண்டபத்தில் வைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் வைத்தால் அது பள்ளிக்கூட விழா ஆகிவிடுகிறது. கோயில் முன்னால் வைத்தால், எந்தத் தெரு ஆட்கள் எதுவரை வரலாம் என்பது எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலனியில் திரை கட்டினால் மேலத்தெருவிலிருந்து ஒரு ஆள் வராது. மேலத்தெருவில் கட்டினால் காலனிப் பிள்ளைகள் தூரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இரண்டையும் கண்ணால் கண்டிருக்கிறேன். வாரச்சந்தை கூடும் திடல் ஒன்றில்தான் எல்லாத் தெருவும் காலம் காலமாக வந்து கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறது. அதனால்தான் சந்தைத் திடல். அங்கேயும் முதல் இரவில் தார்ப்பாயின் மேல் கூட்டம் தெருத்தெருவாகத்தான் பிரிந்து உட்காரும். மறுநாள் அந்தக் கோடு கொஞ்சம் கலையும். முதலில் கலைப்பவர்கள் சின்னப் பிள்ளைகள். மெல்லிய காடாத்துணியில் திரை கட்டுவதால் பின்பக்கமும் படம் தெரியும் என்று கண்டுபிடித்து, எல்லாத் தெருப் பிள்ளைகளும் திரைக்குப் பின்னால் போய் ஒன்றாகப் படுத்துக்கொள்கிறார்கள். எழுத்து இடவலம் மாறித் தெரிவது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பில், 2015-இல் தொடங்கிய விழாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன், குப்பத்து இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. சபாவுக்குள் கேட்ட கர்நாடக இசை எல்லையம்மன் கோயில் வாசலுக்கு வந்தது, அதே மேடையில் பறையும் ஏறியது. பிறகு அது சென்னை கலைத் தெரு விழா என்று விரிந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பள்ளி மைதானம் ஒன்றில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒரே மூச்சில் சாதியைப் பாடின. நகரத்தில் இப்படி ஒரு மேடை அமைந்தால் பத்திரிகையில் வரும், ஊரே பேசும். சின்ன ஊரில் அதே காரியத்தைச் செய்கிறவர், மறுநாள் காலையில் அதே மேலத்தெரு வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். இந்த வேறுபாட்டை வெளியூர் நண்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் விழாவில் பறை வாசிக்கும் பெரியவர் முதன்முதலில் எங்களிடம் கேட்டது சம்பளத்தை இல்லை. "நோட்டீஸ்ல எங்க பேரப் போடுவியளா?" என்றுதான் கேட்டார். சாவு வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் யாரும் அவர் பெயரை எங்கும் எழுதியதில்லை. போட்டோம். குழுவில் இருந்த எல்லார் பெயரையும், இயக்குநரின் பெயருக்கு என்ன எழுத்தளவோ அதே அளவில். தொகையை முன்கூட்டியே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுப்பது வழக்கம். மேடையில் நாற்காலி, டீ முதலில் அவர்களுக்கு. சின்ன விஷயங்களாகத் தெரியலாம். இந்த ஊரில் அவை சின்னவை இல்லை. நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் இரண்டு இடங்களில் அந்தப் பெயர்கள் இருந்த பகுதி மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. அதே இடங்களில் மறுபடியும் ஒட்டினோம்.

விழா நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் விறைத்து, விரலால் தட்டினாலே நாதம் வரும் பதம் வந்ததும் ஊர்வலம் கிளம்பும். எல்லாத் தெருவுக்கும் போகும். மைக் வைத்து ஆட்டோவில் அறிவிப்பதைவிட இதற்கு ஆள் வருவார்கள். மாசியில் ஏழு மணிக்குத்தான் படம் தெரியும் அளவுக்கு இருட்டும். திடலை ஒட்டிய தெருவிளக்குகளை அணைக்கப் பேரூராட்சியில் எழுதிக் கொடுப்போம். அணையாமல் போன விளக்குக்கு ஏணி போட்டுச் சாக்குக் கட்ட ஆள் இருக்கிறது. மைக்செட்காரரிடம் ஒவ்வொரு வருடமும் கெஞ்ச வேண்டியது ஒன்றுண்டு: கூம்பு வேண்டாம், பாக்ஸ் மட்டும் கொண்டு வாருங்கள். கூம்பில் வசனம் கீச்சிடும், ஒரு சொல்லும் புரியாது. அவர் "கூம்பு இல்லேன்னா ஊருக்குக் கேக்காதே தம்பி" என்பார். திடலுக்குக் கேட்டால் போதும் அண்ணே என்போம்.

எந்தப் படம் என்று தேர்வதற்கு எங்களிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது: இதைப் பார்த்துவிட்டு பீடி சுற்றும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசுவதற்கு ஏதாவது இருக்குமா? பரிசு வாங்கிய படமா என்று பார்ப்பதில்லை. மெதுவாக நகரும் படமா என்றும் பார்ப்பதில்லை. மெதுவான படங்களை எங்கள் ஊர் நன்றாகவே பார்க்கிறது. ஆடு மேய்ப்பவரைப் பற்றிய ஒரு படத்தில் ஆடு தண்ணீர் குடிக்கும் காட்சி நீளமாக ஓடியது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து போகவில்லை. ஆட்டின் வயதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான தடை மொழி. சுயாதீனப் படங்களில் மலையாளமும் இந்தியும் மராத்தியும் நிறைய வரும், துணையெழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் படத்தைப் போட்டால் போதாது, வசனத்தைத் தமிழில் எழுதிப் பொருத்த வேண்டும். ஒன்றரை மணிநேரப் படத்துக்கு ஆயிரம் வரிகள் வரை வரும். ஒரு வரி திரையில் நிற்பது சில விநாடிகள், அதற்குள் ஓர் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாசித்து முடிக்கும்படி சுருக்க வேண்டும். எழுத்து வாசிக்காத பெரியவர்களுக்காக, ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் திரைக்கு ஓரமாக ஒரு சின்ன மைக்கில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாருக்குப் படமே அவர் குரல்தான். இதற்கும் இங்கே பழைய வேர் இருக்கிறது. 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர் ஒருவர் இருப்பார், வாத்தியம் வாசிப்பவர்களும் இருப்பார்கள். தென்னிந்தியாவில் சினிமா ஊர்களுக்குள் வந்ததே ஆளோடும் மேளத்தோடும்தான். தியேட்டர்கள் கட்டியெழுந்த பிறகு அந்த ஆளும் மேளமும் வெளியே நின்றுவிட்டார்கள்.

படத்தின் இயக்குநருக்குத் திரையிடல் கட்டணம் அனுப்புகிறோம். தொகை சிறியதுதான். "உங்க விழா நல்லது பண்ணுது, சும்மாவே போடுங்க" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அப்போதும் அனுப்புவோம். பறைக்கலைஞருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, படம் எடுத்தவரிடம் இலவசம் கேட்பது சரியில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், புதிதாக விழா தொடங்க நினைப்பவர்கள் அங்கேதான் பயந்துவிடுகிறார்கள். 1952-ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராப் சட்டப்படி, பொதுவெளியில் காட்டும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், பத்து நிமிட ஆவணப்படமாக இருந்தாலும். விழாக்களுக்கு விலக்குக் கேட்டு ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். சந்தைத் திடலில் விழா நடத்தும் ஆட்களுக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 2004-இல் மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்குத் தணிக்கை கேட்ட விவகாரத்தில் ஆவணப்படக்காரர்கள் திரண்டு, 'விகல்ப்' என்று விழாவுக்குப் பக்கத்திலேயே தனி விழா நடத்திக் காட்டினார்கள். சான்றிதழ் வேண்டும் என்ற விதி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆகவே நாங்கள் சான்றிதழ் உள்ள படங்களையே திடலில் போடுகிறோம். வருத்தத்தோடுதான். நல்ல ஆவணப்படங்கள் பலவற்றை இதனால் இழக்கிறோம். வருமானம் இல்லாத ஊர்த் திரையிடலுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தால் நாடு ஒன்றும் குலைந்துவிடாது. நாடகத்துக்கு அது நடந்திருக்கிறது. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டார், 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது.

ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி. இரவு 10 மணிக்கு மேல் கிடையாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதி. நோயாளிகளும் குழந்தைகளும் தூங்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. கலை இரவுகளின் 'விடிய விடிய' மங்கிப்போனதில் இந்த விதிக்குப் பெரிய பங்குண்டு என்பதும் உண்மை. எங்கள் கணக்கு இதிலிருந்துதான் பிறக்கிறது: ஏழு மணிக்குப் படம், எட்டே முக்காலுக்குள் முடிய வேண்டும், மீதி ஒன்றேகால் மணிநேரம் இசைக்கு.

படத்துக்குப் பிறகுதான் இசை. இதில் நான் உறுதியாக நிற்கிறேன். முன்னால் பாட்டு வைத்தால் கூட்டம் சேரும், பின்னால் வைத்தால் கலைந்துவிடும் என்று விழா நடத்தும் நண்பர்கள் சொல்வார்கள். பறை ஊர்வலமே கூட்டத்தைக் கூட்டிவிடுகிறது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, மைக்கை நீட்டி, "கருத்துச் சொல்லுங்க" என்று கேட்டால் யார் பேசுவார்கள்? எப்போதும் மைக்கில் பேசிப் பழகியவர்கள்தான்: வாத்தியார், கட்சிக்காரர், வெளியூரிலிருந்து வந்த எங்கள் நண்பர். படம் யாரைப் பற்றியதோ அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனால் பாட்டு தொடங்கி, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் தோல் காய்ச்சும் இடைவெளியில், பேச்சு தானாக வருகிறது. பஞ்சாலைப் படம் போட்ட இரவில், எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் பாடும் கணியான் கூத்துக் குழுவினர் உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற தங்கள் இரண்டு தோல்கருவிகளையும் நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பக்கத்தில் இருந்த ஆச்சியிடம், "நானும் அங்க மூணு வருசம் இருந்தேன் ஆச்சி" என்று சொன்னாள். ஆச்சி திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தார். முன்னும் பின்னும் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். கணியான் பாடத் தொடங்கிய பிறகும் அந்த வட்டம் பேசிக்கொண்டே இருந்தது, யாரும் உஷ் என்று அடக்கவில்லை.

பெண்கள் பத்து மணி வரை உட்கார்ந்திருக்க முடிவதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன், விழா நடத்துபவர்கள் இதை எழுதுவதே இல்லை. திடலை ஒட்டிய ஒரு வீட்டுக்கார அக்கா தன் வீட்டுக் கழிப்பறையை இரண்டு இரவும் எல்லாப் பெண்களுக்கும் திறந்து வைக்கிறார். எல்லாத் தெருப் பெண்களுக்கும். அவர் மாமியார் முதல் வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். இப்போது அவரே வாசலில் தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருக்கிறார். நோட்டீஸில் பெயர் போடவா என்று அக்காவிடம் கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டார், காரணம் சொல்லவில்லை.

வரும் மாசிக்கு இரண்டு படங்கள் தேர்வாகிவிட்டன, ஒன்று மலையாளம், ஒன்று மராத்தி. இரண்டாம் இரவுக்கு அரசுப் பள்ளி மாணவிகளின் சேர்ந்திசை. பாட்டு டீச்சர் இப்போதே சனிக்கிழமைகளில் பயிற்சி தொடங்கிவிட்டார். மராத்திப் படத்துக்குத்தான் தமிழ் வசனம் இன்னும் எழுதவில்லை. ஆங்கிலத் துணையெழுத்தை வைத்து எழுதினால் ஊர்ப்பேச்சு கைநழுவிப் போகிறது. மராத்தி தெரிந்த தமிழர்கள், தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள், தஞ்சாவூர் மராத்தி வீட்டுக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், ஆயிரம் வரிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. பொங்கலுக்குள் முடித்தால்தான் டீச்சருக்கு வாசித்துப் பழக நேரம் கிடைக்கும்.